ஆறு வீதத்தில் அணைந்த லப்டொப்கள்

யாழ்ப்பாணத்தில் இணுவில் பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்றில், பின்னேரம் நாலரை மணிக்குப் பிறகு சாதாரண தரப் பிள்ளைகள் வந்து படிப்பார்கள். அங்கே 12 லப்டொப்கள் இருக்கின்றன. கனடாவிலுள்ள ஊர்க்காரர் பாவித்து முடித்தவற்றைச் சேர்த்து அனுப்பியவை. ஒரு மழை நாளில் கரண்ட் போனது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வரவில்லை. பிள்ளைகள் பற்றரியிலேயே படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மெஷின், திரையில் 6 வீதம் காட்டியபடியே, எச்சரிக்கை ஏதுமில்லாமல் தன்னை மூடிக்கொண்டது. பிள்ளை தட்டச்சு செய்திருந்த ஒன்றரைப் பக்கக் கட்டுரை அதோடு போனது. அடுத்த கிழமை இன்னொரு மெஷின். அதுவும் 6 வீதத்தில்.

அந்த மெஷின்களுக்குப் பற்றரி ட்ரைவர், அதாவது பற்றரியின் அளவை வாசித்து இயங்குதளத்துக்குச் சொல்லும் நிரல், எழுதியவர், பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர். அதை வரிவரியாகப் பார்த்து, சரி என்று என் பெயரைப் போட்டவள் நான். பிழையை எப்படித் தேடிப் பிடித்தோம், முதல் மீளாய்வில் நான் எதைக் கேட்காமல் விட்டேன் என்பதை முழுதாக எழுதிவைக்கிறேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னல் பக்கம் வர நினைக்கும் எங்கட பெடியளுக்குப் பிரயோசனப்படும்.

ஏன் தனி ட்ரைவர் தேவைப்பட்டது

வழக்கமான இன்டெல், ஏஎம்டி லப்டொப்களில் பற்றரிக்கென்று யாரும் புதிதாக ட்ரைவர் எழுதுவதில்லை. மெஷினை எழுப்பும் பயோஸுக்குள், வன்பொருளை எப்படிக் கையாள்வது என்று இயங்குதளத்துக்குச் சொல்லும் ஏசிபிஐ அட்டவணை இருக்கும். பற்றரி விவரம் வேண்டுமென்றால் இந்த மெதட்டை (சிறு நிரலை) கூப்பிடு என்று அதில் எழுதியிருக்கும். லினக்ஸின் பொதுவான பற்றரி ட்ரைவர் அதைக் கூப்பிட்டு எண்ணை வாங்கிக்கொள்ளும்.

எங்களுக்கு வந்தவை ஆர்ம் சிப் உள்ள, விசிறி இல்லாத சின்ன மெஷின்கள். இவற்றில் விண்டோஸ் ஏசிபிஐ வழியாக ஓடும், லினக்ஸோ வன்பொருள் பட்டியலான டிவைஸ் ட்ரீ வழியாக எழும்பும். ஏசிபிஐ மெதட்டுகளை அது தொடுவதில்லை. ஆகவே லினக்ஸ் போட்டதும் எல்லாம் வேலைசெய்தது, பற்றரிக் குறியைத் தவிர. எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் லப்டொப் வைத்திருப்பது, 2022 பங்குனியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டைப் பார்த்த ஊருக்குச் சரிவராது. அதற்கு முன்னரும், தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாத வருடங்களில், அப்பா சைக்கிளைத் தலைகீழாக வைத்துத் தைனமோ சுற்றி ரேடியோ கேட்டவர். இன்னும் எவ்வளவு நேரம் கேட்கலாம் என்பது அவருடைய கைக்குத் தெரியும். லப்டொப் பாவிக்கும் பிள்ளைக்கு அந்தக் கை இல்லை, திரையில் தெரியும் எண் மட்டும்தான்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? லப்டொப்பின் சர்க்கிட் போட்டில் முதன்மைச் சிப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நுண்கட்டுப்பாட்டுச் சிப் இருக்கும். எம்பெடட் கன்ட்ரோலர், சுருக்கமாக ஈசி. விசைப்பலகை, மூடி, சார்ஜ் எல்லாம் அதன் பொறுப்பு. பற்றரிப் பொதிக்குள் இருக்கும் அளவிச் சிப்பிடம் ஈசி விவரம் கேட்டு, தன் நினைவகத்தில் ஒரு பகுதியில் எழுதி வைக்கும். நாங்கள் ஐ-டூ-சி என்ற இரண்டு கம்பி வழியாக அந்தப் பகுதியை வாசிக்கலாம். எந்த இடத்தில் எந்த எண் என்று தயாரிப்பாளர் வெளியிடவில்லை. தம்பி விண்டோஸுக்கான ஏசிபிஐ அட்டவணையை எடுத்து, பிரித்து, நாலெழுத்துப் பெயர்களாகக் கிடந்த புலங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு வரைபடம் தயாரித்தார். பொறுமையான வேலை. இரண்டு மாதம் எடுத்தது.

முதல் மீளாய்வு

முதல் பேட்ச் (கேர்னலில் சேர்க்க அனுப்பும் நிரல் மாற்றம்) என்னிடம் வந்தபோது மூன்று பெரிய பிழைகள் கண்ணில் பட்டன. கேர்னலில் பற்றரி ட்ரைவர் எழுதும் எவரும் விழும் குழிகள் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது அலகு. லினக்ஸின் பவர் சப்ளை பகுதியில் "சார்ஜ்" என்றால் மைக்ரோ அம்பியர் மணி, "எனர்ஜி" என்றால் மைக்ரோ வாட் மணி, "கப்பாசிற்றி" என்றால் எப்போதும் 0 முதல் 100 வரையான வீதம். ஈசி தந்தது மில்லி அம்பியர் மணியில் 3900. தம்பி அதை ஆயிரத்தால் பெருக்கி எனர்ஜி என்ற பெயரில் போட்டிருந்தார். 3.9 வாட் மணியுள்ள பற்றரி என்று மெஷின் நினைத்து, முழுச் சார்ஜிலும் முக்கால் மணித்தியாலம்கூடத் தாங்காது என்றது. உண்மையில் அது 11.4 வோல்ற்றுப் பொதி. 44 வாட் மணிக்கு மேலே வரும்.

இரண்டாவது குறி. மின்னோட்டம் 16 பிட் எண். பற்றரி இறங்கும்போது அது மறை எண்ணாக, இரண்டின் நிரப்பி வடிவில் வரும். அதைக் குறியில்லா எண்ணாக வாசித்ததில், −480 மில்லி அம்பியர் 65056 ஆகத் தெரிந்தது. 65 அம்பியர் என்பது வெல்டிங் கடையில் பாயும் ஓட்டம்.

மூன்றாவதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். ஐ-டூ-சி வாசிப்புத் தோற்றால் கேர்னல் செயற்கூறு மறை எண் ஒன்றைத் திருப்பும். நேரம் கடந்துவிட்டது என்றால் −110. தம்பி திரும்பி வருவதை எட்டு பிட் மாறிக்குள் நேரே போட்டிருந்தார். எட்டு பிட்டுக்குள் −110 புகுந்தால் 146 ஆகிவிடும். பிழைச் செய்தி பற்றரி அளவாக வேடம் போட்டு வெளியே போகும்.

"தம்பி, பிழை வந்தா இந்த எண் வெளிய போகக் கூடாது," என்று எழுதினேன். அவ்வளவுதான் எழுதினேன். அடுத்த பதிப்பில் அவர் பிழை வந்தால் 0 திருப்பும்படி மாற்றியிருந்தார். நான் சொன்னதைத்தான் செய்தார். பிழை எண் வெளியே போகவில்லை. அதற்குப் பதிலாக என்ன போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த வரியைக் கடந்துபோய், இடைவெளி, பெயர் வைப்பு, கருத்துரை வரிகள் என்று செக்பேட்ச் கருவி சொல்லக்கூடிய விஷயங்களில் ஒரு முழுப் பின்னேரம் செலவழித்தேன். பிறகு என் பெயரை "மீளாய்வு செய்தவர்" வரியில் வைத்தேன். கேர்னல் ஆவணத்தில் அந்த வரிக்கு விளக்கம் இருக்கிறது: தொழில்நுட்ப ரீதியாகப் பார்த்தேன், எனக்குத் தெரிந்த பிழை எதுவும் மிச்சமில்லை, இதைச் சேர்க்கலாம் என்று நம்புகிறேன் என்பதே அதன் பொருள். வெறும் நன்றிக் குறிப்பு இல்லை அது.

எல்லோரும் எடுத்துப் பாவிக்கும் லினக்ஸின் மூல நிரல் தொகுதிக்கு, பெரிய மரம் என்போம், அனுப்பமுன்னம், நிலையத்து மெஷின்களில் ஓடவிட்டுப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். அந்த முடிவு ஒன்றையாவது சரியாக எடுத்தோம் என்பதில் எனக்கு ஆறுதல்.

மூன்று சந்தேகம்

மெஷின்கள் அணைந்த விதத்தில் ஒரு துப்பு இருந்தது. கரண்ட் அறுந்ததுபோல் அவை நிற்கவில்லை, ஒழுங்காக மூடிக்கொண்டன. அந்த மூடலுக்குக் காரணம் நாங்களே. பாரமான டெஸ்க்ரொப் போடவில்லை என்பதால், கேர்னலின் அறிவிப்புகளைக் கேட்டு நடக்கும் யூடெவ் கருவிக்கு ஒரு விதி எழுதி வைத்திருந்தோம்: பற்றரி நிலை மாறியது என்று கேர்னல் அறிவிக்கும்போது, அந்த அறிவிப்போடு வரும் வீதம் 3 அல்லது அதற்குக் கீழே என்றால் மெஷினை மூடு. கோப்புகள் பழுதாகாமல் காக்க வைத்த விதி. ஆக, எங்கோ ஒரு கணத்தில் கேர்னல் 3க்குக் கீழான எண்ணைச் சொல்லியிருக்கிறது.

நகரில் ஒரு திருத்தும் கடையில் காட்டியபோது, "பற்றரி செத்துப்போச்சு, மாத்த வேணும்," என்றார்கள். அது மோசமான ஊகம் இல்லை. வயதான லிதியம் கலத்தில் உட்தடை கூடும். பாரம் ஏறினால் வோல்ற்று சட்டென்று விழும். ஆனால் எங்கள் பதிவில், மூடுவதற்கு முன் கடைசியாக இருந்த வோல்ற்று 10.6. தொடரில் மூன்று கலம், ஒவ்வொன்றுக்கும் மூன்றரைக்குச் சற்று மேல். செத்துப்போகும் பற்றரிக்கு 9 வோல்ற்றை ஒட்டி வந்திருக்க வேண்டும். நிலையத்தார் எங்களைக் கேட்காமலே ஒரு மெஷினுக்குப் புதுப் பற்றரி வாங்கிப் போட்டிருந்தார்கள். பழையது போலவே அதுவும் மூடிக்கொண்டது, 5 வீதத்தில். வீதம் ஏன் மாறியது என்று அப்போது விளங்கவில்லை. பிறகு அதுவே சாட்சியானது.

இரண்டாவது சந்தேகம், நான் விட்ட வரி. ஐ-டூ-சி வாசிப்புத் தோற்று, 0 வெளியே வந்து, விதி அதை நம்பி மூடியிருக்கலாம். நடு ராத்திரி இது நினைவுக்கு வந்து எழுந்து உட்கார்ந்தேன். விடியத் தம்பிக்கு எடுத்து, பிழை வரும் ஒவ்வொரு தடவையும் கேர்னல் பதிவில் ஒரு வரி எழுதும்படி மாற்றச் சொன்னேன். நாலு நாள் ஓடவிட்டோம். அதற்குள் இரண்டு மெஷின் மூடின. பதிவில் பிழை வரி ஒன்றுகூட இல்லை.

அந்த வரி பிழைதான், திருத்தத்தான் வேண்டும். ஆனால் மெஷின்களை மூடியது அது இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. குற்றவாளியைப் பிடித்துவிட்டேன் என்று அவ்வளவு உறுதியாக நினைத்திருந்தேன்.

மூன்றாவது சந்தேகத்துக்கு வழி காட்டியது தம்பி வரைந்த வரைபு. ஒவ்வொரு அறிவிப்பின்போதும் மிச்சமிருந்த மில்லி அம்பியர் மணியை எழுதி, முழுச் சார்ஜிலிருந்து கீழே வரும்வரை கோடு போட்டிருந்தார். நேரான சரிவில் இடையிடையே கீழ்நோக்கிப் பற்கள்.

"அக்கா, இந்தப் பல்லுகளைப் பாருங்கோ. எல்லாம் ஒரே உயரம்."

அருகில் போய்ப் பார்த்தோம். 2817, அடுத்தது 2561, அதற்கடுத்தது 2813. இன்னோரிடத்தில் 1794, 1538, 1790. நடு எண் மட்டும் தவறு. 2817இலிருந்து 2561ஐக் கழித்தால் 256. 1794இலிருந்து 1538ஐக் கழித்தாலும் 256.

256 என்ற எண்ணைப் பார்த்ததும் ஒரு பைட் ஞாபகம் வர வேண்டும். ஒரு பைட் என்பது எட்டு பிட், 0 முதல் 255 வரை 256 எண்கள் அதில் அடங்கும். 16 பிட் எண் இரண்டு பைட்டில் கிடக்கும். 1794 என்பது மேல் பைட் 7, கீழ்ப் பைட் 2, ஏனெனில் ஏழு முறை 256, அதோடு 2. 1790 என்பது மேல் பைட் 6, கீழ்ப் பைட் 254. ட்ரைவர் முதலில் கீழ்ப் பைட்டை வாசிக்கிறது, 2 கிடைக்கிறது. அதற்குள் ஈசி புதிய எண்ணை எழுதிவிடுகிறது. பிறகு ட்ரைவர் மேல் பைட்டை வாசிக்கிறது, 6 கிடைக்கிறது. ஆறு முறை 256, அதோடு 2: 1538. பழைய எண்ணின் ஒரு பாதியும் புதிய எண்ணின் ஒரு பாதியும் ஒட்டிய எண். பற்றரியில் எந்தக் கணத்திலும் அப்படியொரு அளவு இருந்ததில்லை.

மேலே இருக்கும்போது இது 46 வீதத்தை ஒரு கணம் 39 ஆக்கும். யாரும் கவனிக்க மாட்டார்கள். 258இலிருந்து 254க்கு இறங்கும்போது என்ன நடக்கும்? மேல் பைட் 1இலிருந்து 0 ஆகும். கீழே பழைய 2. ஒட்டினால் 2 மில்லி அம்பியர் மணி. 3900இல் 2 என்பது 0 வீதம். 258 என்பது 3900இல் 6 வீதம். 4200 என்று நாங்கள் நினைத்த புதுப் பற்றரியில் எப்படி 5 வீதத்தில் மூடியது என்று தம்பி கணக்குப் போட்டார். 4200இல் 258 என்றாலும் 6தான் வர வேண்டும். ஈசியின் பதிவைப் பார்த்ததும் விடை கிடைத்தது: வாங்கிப் போட்டது மாற்றுத் தயாரிப்பு, அது தன்னை 4400 என்று சொல்கிறது. 4400இல் 258 என்றால் 5 வீதம். பற்றரி மாறியபோது வீதம் மாறியது, மில்லி அம்பியர் மணி மாறவில்லை. கடைக்காரரின் ஊகம் அதோடு முடிந்தது.

கம்பியில் கண்டது

ஒரு கேள்வி மிச்சமிருந்தது. இரண்டு பைட் வாசிப்புக்கும் நடுவில் அரை மில்லி செக்கனளவு இடைவெளிதான். ஈசி எண்ணை மாற்றுவது ஏறக்குறைய அரை நிமிடத்துக்கு ஒருக்கா. அந்த அரை மில்லி செக்கனுக்குள் மாற்றம் விழுவது ஆடிக்கொருமுறை நடக்க வேண்டியது. எங்களுக்கோ ஒரே இறக்கத்தில் நாலைந்து பல். நிகழ்தகவு ஒத்துவரவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தாயிற்று என்று இந்த இடத்தில் நின்றிருந்தால் பாதித் திருத்தம்தான் செய்திருப்போம்.

ஞாயிறு காலையில் ஒரு மெஷினின் பின்மூடியைக் கழற்றினோம். போட்டில் ஈசிக்குப் பக்கத்தில் இரண்டு சோதனைப் புள்ளிகள். தலைமுடி அளவு எனாமல் கம்பியைத் தம்பி அவற்றில் பற்றவைத்தார். கை நடுங்கவில்லை. கம்பியில் ஓடும் 0, 1ஐப் பதிந்து காட்டும், எட்டு வழி கொண்ட மலிவான லொஜிக் அனலைசர் ஒன்றைக் கொளுவி, பல்ஸ்வியூ மென்பொருளில் கோடுகளைப் பார்த்தோம். மேலே கடிகாரக் கம்பி, கீழே தரவுக் கம்பி, மூன்றாவதாக ஈசி எங்களைக் கூப்பிடும் இன்டரப்ட் கம்பி.

முதலில் இன்டரப்ட் விழுகிறது. உடனே கேர்னல் எழுந்து, பற்றரி மாறியது என்று அறிவிப்பைத் தயார்செய்கிறது. அந்த அறிவிப்புக்குள் எல்லா அளவுகளையும் சேர்க்க வேண்டும் என்பதால் அதே கணத்தில் ஈசியை வாசிக்கத் தொடங்குகிறது. கீழ்ப் பைட் கேட்கிறது, 2 வருகிறது. மேல் பைட் கேட்கிறது. இங்கே கடிகாரக் கம்பி கீழேயே கிடக்கிறது. ஈசி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. "பொறு, எனக்கு வேறு வேலை" என்று சொல்ல ஐ-டூ-சியில் உள்ள வழி அது, கடிகாரத்தை இழுத்துப் பிடித்தல் என்பார்கள். ஒன்பது மில்லி செக்கன் கழித்து விடுகிறது. அதன் பிறகு 6 வருகிறது.

நானும் தம்பியும் ஒன்றும் பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஈசி மணியை அடித்துவிட்டுத்தான் பானையை அடுப்பில் வைக்கிறது. நாங்கள் மணி கேட்டதும் சாப்பிட ஓடுகிறோம். எழுதத் தொடங்கும் நேரமும் நாங்கள் வாசிக்க வரும் நேரமும் ஒன்றாக விழும்படி அந்த இன்டரப்டே ஏற்பாடு செய்கிறது. தற்செயல் என்று நாங்கள் போட்ட நிகழ்தகவுக் கணக்கு அதனால்தான் பிழையாய்ப் போனது.

திருத்தம்

தம்பியின் முதல் யோசனை பலர் செய்வது: மேல், கீழ், திரும்ப மேல் என்று வாசி, இரண்டு மேல் பைட்டும் ஒன்றென்றால் ஏற்றுக்கொள். நல்ல வழி, ஆனால் இங்கே போதாது. வரைபில் கீழ்நோக்கிய பற்களோடு மேல்நோக்கி ஒன்றும் இருந்தது: 3330, 3582, 3326. 3582 என்றால் மேல் பைட் பழைய 13, கீழ்ப் பைட் புதிய 254. அதாவது கீழ்ப் பைட்டை எழுதிவிட்டு மேல் பைட்டை எழுதமுன்னம் ஈசி எங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. அந்த நிலையில் மேல், கீழ், மேல் என்று வாசித்தால் 13, 254, 13 வரும். பொருந்திவிட்டது என்று ஏற்றுக்கொள்வோம். பிழையும் உள்ளே வந்துவிடும்.

விண்டோஸில் இந்தப் பிழை எப்படி இல்லாமல் இருந்தது என்று யோசித்தோம். பிரித்தெடுத்த ஏசிபிஐ அட்டவணையைத் திரும்ப எடுத்தோம். பற்றரி நிலை சொல்லும் மெதட்டின் தொடக்கத்தில், எண்களை வாசிக்கமுன்னம், நாலெழுத்துப் பெயருள்ள இன்னொரு மெதட்டை அது கூப்பிடுகிறது. அதற்குள் ஒரு சுற்று: குறிப்பிட்ட பிட் 0 ஆகும்வரை 10 மில்லி செக்கன் தூங்கித் தூங்கிப் பார். ஈசி எழுதிக்கொண்டிருக்கிறது என்று சொல்லும் பிட் அது. எண்கள் இருக்கும் இடத்தை அட்டவணையிலிருந்து எடுத்த நாங்கள், அவற்றை எப்போது தொடலாம் என்று அதே பக்கத்தில் எழுதியிருந்ததை எடுக்கவில்லை. தம்பி அதைத் தேவையில்லாத தாமதம் என்று நினைத்து விட்டிருந்தார். வரைபடத்தை மட்டும் மீளாய்வு செய்து, மூல அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்க்காதது என் பிழை.

இது ஈசி எழுதியவரின் விசித்திரம் இல்லை, பழைய வழக்கம். 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியின் மோட்டொரோலா நேரச் சிப்பிலும் இப்படியொரு பிட் உண்டு. நேரத்தைப் புதுப்பிக்கும்போது அது 1 ஆகும், அப்போது வாசித்தால் நிமிடம் பழையதும் செக்கன் புதியதுமாக வரலாம். லினக்ஸ் இன்றும் அந்த பிட்டைப் பார்த்துத்தான் நேரத்தை வாசிக்கிறது.

நான் எழுதிக்கொடுத்த வரிசை: பிட் 0 ஆகக் காத்திரு, இரண்டு பைட்டையும் ஒரே கோரிக்கையில் வாசி, முடிந்ததும் பிட்டைத் திரும்பப் பார். சரியாக இருக்கிறது என்று நினைத்தேன். அன்று பின்னேரம் தம்பி எடுத்தார்.

"அக்கா, நாங்கள் வாசிச்சுக்கொண்டு இருக்கேக்கயே ஈசி எழுதத் தொடங்கி, கடிகாரத்தைப் பிடிச்சு வச்சு, எழுதி முடிச்சுட்டு விட்டா? முன்னுக்கும் 0, பின்னுக்கும் 0. நடுவில கிழிஞ்ச எண்."

அவர் சொன்னது சரி. அனலைசரில் கண்ணால் பார்த்த அதே ஒன்பது மில்லி செக்கன். நான் பார்த்துவிட்டு மறந்திருந்தேன். ஆகவே முடிவான வடிவம் இப்படி வந்தது: பிட்டைப் பார், முழுத் தொகுதியையும் இரண்டு முறை வாசி, பிட்டைத் திரும்பப் பார். இரண்டு வாசிப்பும் ஒன்றாகவும் இரண்டு முறையும் பிட் 0 ஆகவும் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள். இல்லையென்றால் மூன்று தடவைவரை முயற்சி செய். எழுதும் நடுவில் புகுந்தால் பிட் காட்டிக்கொடுக்கும். எழுதுதல் எங்கள் வாசிப்புக்குள் தொடங்கி முடிந்தால், இரண்டு வாசிப்பும் ஒத்துவராமல் காட்டிக்கொடுக்கும்.

மூன்று தடவையும் சரிவராவிட்டால் என்ன சொல்வது? முதல் மீளாய்வில் நான் விட்ட கேள்வி இது. கடைசியாகக் கிடைத்த நல்ல எண்ணைத் திருப்பலாம் என்பது தம்பியின் எண்ணம். சில ட்ரைவர்கள் அப்படிச் செய்கின்றன. எனக்கு உடன்பாடில்லை. ஈசி முழுதாகச் செயலிழந்தால் திரை ஒரு மணித்தியாலமாக 40 வீதம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும், பிள்ளை அதை நம்பி இருக்கும். 0 சொல்வதோ பச்சைப் பொய். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கேர்னலில் வழி இருக்கிறது: −61, தரவு இல்லை என்று பொருள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. அறிவிப்பைத் தயாரிக்கும்போது ஓர் அளவு இந்தப் பிழையைத் திருப்பினால், கேர்னல் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றோடு அறிவிப்பை அனுப்பும். −110 போன்ற வேறு பிழை திருப்பினால் முழு அறிவிப்புமே நின்றுவிடும். வீதம் இல்லாத அறிவிப்பு வந்தால் எங்கள் யூடெவ் விதிக்கு ஒப்பிட எதுவும் இல்லை, மெஷினும் மூடாது.

விதியையும் தொடலாமே, 3க்குக் கீழே இரண்டு முறை வந்தால் மட்டும் மூடு என்று மாற்றினால் போதுமே என்று நிலையத்தில் ஒருவர் கேட்டார். இந்த 12 மெஷினுக்கு அது போதும். ஆனால் இந்த ட்ரைவர் மரத்தில் சேர்ந்தால், அதே மெஷின் வைத்திருக்கும் எங்கோ ஒருவர் அந்த எண்ணை நம்பித் தன் விதியை எழுதுவார். அவரிடம் போய் எங்கள் எண்ணை இரண்டு தரம் பார்த்து நம்புங்கள் என்று சொல்ல முடியாது.

பழைய பதிப்பிலிருந்து என் பெயர் வரியை எடுக்கச் சொன்னேன். ஏன் எடுத்தோம் என்பதை மாற்ற வரலாற்றில் நாலு வரியில் எழுதினோம். திருத்திய பதிப்பை 12 மெஷினிலும் போட்டு, முழுச் சார்ஜிலிருந்து இரண்டு இரவு இறங்கவிட்டோம். ஒவ்வொரு அறிவிப்பும் பதிவானது. ஒரு பல்லும் இல்லை. மூன்று தடவையும் தோற்றுத் தரவு இல்லை என்று திரும்பியது ஒரேயொரு இடத்தில், அடுத்த அறிவிப்பில் சரியான எண் வந்தது. எல்லா மெஷினும் 3 வீதத்தில் மூடின. அதன் பிறகுதான் பெயரைத் திரும்ப வைத்தேன்.

சார்ஜ் எல்லையை 80 வீதத்தில் நிறுத்தும் பகுதியும் முதல் பேட்சில் இருந்தது. நிலையத்தில் மெஷின்கள் பகல் முழுக்கச் சார்ஜரில்தான். சித்திரை வெயிலில் ஓட்டுக் கூரைக்குக் கீழே 100 வீதத்தில் கிடந்தால் லிதியம் கலம் சீக்கிரம் கிழடாகும் என்பதால் அது தேவையான வசதி. ஆனாலும் அதைப் பிரித்துத் தனிப் பேட்சாக ஆக்கச் சொன்னேன். வாசிப்பதில் பிழை விட்டால் பிழையான எண் வரும். ஈசிக்குள் எழுதுவதில் பிழை விட்டால் பற்றரிக்கே ஆபத்து.

அந்தப் பேட்ச் இப்போது என் மேசையில் இருக்கிறது. 80இல் நின்றதும் மின்னோட்டம் 0 என்று ஈசி சொல்கிறது. தம்பி அதை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்வியும் வைத்திருந்தார்: "அக்கா, இது உண்மையான 0வோ, இல்லாட்டி அளக்காததுக்குச் சொல்லுற 0வோ?" ஒரு மெஷினைப் பின்மூடி கழற்றியபடி வைத்திருக்கிறோம். பற்றரிக்கும் போட்டுக்கும் நடுவே கம்பியை வெட்டி அம்பியர் மீற்றர் கொளுவியிருக்கிறது. இரவு எட்டு மணிக்கு 3120இல் நின்றது. விடியப் போய்ப் பார்க்க வேண்டும்.